பழி தண்ணீர்மேல், குற்றம் வடிவமைப்பில்

“தண்ணீர் ஓடுகிற சர்வருக்குள் யார் கை வைப்பது?” பெரிய கணினி மையங்களுக்கு இயந்திரம் வாங்கும் பேச்சு தொடங்கினாலே எழுகிற ஆட்சேபம் இது. காற்றால் குளிரும் சர்வரில் ஒரு ஜிபியு (கனமான கணக்கு வேலைகளைச் செய்யும் சில்லு) கெட்டால் மூடியைத் திறந்து மாற்றிவிடலாம்; தண்ணீரால் குளிரும் சர்வரிலோ குழாயைப் பிரித்து, நீரை வடித்து, சொட்டு விழுமோ விழுமோ என்று பயந்துகொண்டே வேலை பார்க்க வேண்டும் என்கிறார்கள். கொள்முதல் குழுவினர், தரவு மையப் பொறியாளர்கள், தொழில்நுட்பம் பற்றி எழுதுகிறவர்கள் எனப் பலரும் இதைத் தீர்ந்துபோன விஷயமாகவே பேசுகிறார்கள். தண்ணீர் வந்தால் பழுதுபார்ப்பு போயிற்று என்பது அவர்கள் முடிவு.

இந்த முடிவு தவறு. வேலையைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தால் அது நிற்காது. ஒரு ஜிபியுவை மாற்றுவதில் உள்ள கடினமான படிகள் எல்லாம் காற்றில் குளிரும் சர்வரிலும் அப்படியே இருக்கின்றன. தண்ணீரால் கூடுகிற படிகள் சில. அவை எளியவை, பயிற்சியில் வந்துவிடுபவை. பழுதுபார்ப்பை உண்மையிலேயே முடக்குவது வேறு: சில்லைப் பலகையோடு பற்றவைத்துவிடும் வடிவமைப்பு, பாகத்தைத் தனியாகத் தர மறுக்கும் ஒப்பந்தம், பழக்கப்படாத கைகள். இந்த மூன்றையும் விட்டுவிட்டுத் தண்ணீரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள்.

முதலில், தண்ணீர் ஏன் வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 2017-இல் வந்த என்விடியா வி100 ஜிபியுவின் மின்நுகர்வு 300 வாட். 2020-இன் ஏ100, 400 வாட். 2022-இன் எச்100, 700 வாட். அதற்கடுத்த பி200 ஆயிரம் வாட்டைத் தொட்டுவிட்டது. 72 ஜிபியுக்களை ஒரே ரேக்கில் அடுக்கும் ஜிபி200 என்விஎல்72 சுமார் 120 கிலோவாட் இழுக்கிறது. அத்தனையும் வெப்பமாக வெளியேறியாக வேண்டும். காற்று 15 டிகிரி சூடேறி வெளியேறுவதாக வைத்துக்கொண்டால், அந்த ஒரு ரேக்குக்கு மட்டும் வினாடிக்கு ஆறரை கன மீட்டர் காற்றை ஊத வேண்டும். தண்ணீர் 10 டிகிரி மட்டும் சூடேறுவதாக வைத்தாலும் நிமிடத்துக்கு சுமார் 170 லிட்டர் போதும். சம கன அளவில் தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும் என்பதால் வருகிற வித்தியாசம் இது. இந்த அடர்த்தியில் காற்று என்பது இனி ஒரு மாற்று வழியே அல்ல. ஆகவே “காற்றா, தண்ணீரா” என்ற கேள்வியை விட்டுவிட்டு “தண்ணீரில் எப்படிப் பழுதுபார்ப்பது” என்று கேட்பதே பயன் தரும்.

இரண்டாவது, ஜிபியு கெடுவது அபூர்வம் அல்ல. மெட்டா நிறுவனம் 2024-இல் தன் லாமா 3 மொழி மாதிரியைப் பயிற்றுவித்த கதையை வெளிப்படையாக எழுதியது. 16,384 எச்100 ஜிபியுக்கள் ஓடிய 54 நாள் காலகட்டத்தில் எதிர்பாராத தடங்கல்கள் மட்டும் 419. சராசரியாக மூன்று மணி நேரத்துக்கு ஒன்று. அவற்றில் 58.7 விழுக்காடு ஜிபியு சார்ந்தவை. அந்தச் சர்வர்கள் காற்றால் குளிர்ந்தவை. நண்பகல் வெப்பம் ஏறும்போது ஜிபியுக்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டதால் மொத்த வேகம் 1 முதல் 2 விழுக்காடு வரை ஏறி இறங்கியதையும் அதே அறிக்கை பதிவு செய்கிறது. காற்றில் குளிர்ந்தாலும் ஜிபியுவை மாற்றுவது அன்றாட வேலைதான்.

காற்றால் குளிர்ந்த சர்வர் சுகமானது என்று நம்புகிறவர்கள் டைட்டனை நினைத்துப் பார்க்கட்டும். அமெரிக்காவின் டென்னசியில் உள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் 2012 முதல் 2019 வரை ஓடிய அந்த மீக்கணினியில் 18,688 ஜிபியுக்கள் இருந்தன. கேபினட்டுக்குள் காற்று கீழிருந்து மேலே ஏறும். மேலே போகப் போகக் காற்று சூடாகும். அதன் ஜிபியுக்களின் ஆயுளை ஆராய்ந்தவர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, சில்லு எவ்வளவு நீடிக்கிறது என்பது குளிரூட்டும் அமைப்பின் நுணுக்கங்களோடு வலுவாகப் பிணைந்திருக்கிறது என்று காட்டியது. டைட்டனில் ஆயிரக்கணக்கான ஜிபியுக்கள் மாற்றப்பட்டன. கந்தகத்தைத் தாங்காத சிறு ரெசிஸ்டர்கள் அரித்துப்போனதே அதற்கு முக்கியக் காரணம். அந்தப் பழியைக் காற்றின்மேல் போடுவது நியாயமில்லை. ஆனால் சூடான இடத்தில் இருக்கும் சில்லு முன்னதாகக் கெடுகிறது என்ற பாடம் நிற்கிறது. சீரான வெப்பநிலையில் வைத்திருந்தால் மாற்ற வேண்டிய தேவையே குறையும்.

இனி வேலைக்கு வருவோம்.

ஒரு ஜிபியு கெட்டால் லினக்ஸ் பதிவில் எக்ஸ்ஐடி என்ற எண் விழும். 79 என்றால் ஜிபியு பஸ்ஸிலிருந்து காணாமல் போய்விட்டது. 48 என்றால் நினைவகத்தில் திருத்த முடியாத பிழை. அந்த நோடுக்கு, அதாவது அந்தச் சர்வருக்கு, புது வேலை போகாதபடி ஷெட்யூலரில் ஒதுக்கிவைத்து, மின்சாரத்தை நிறுத்தி, கேபிள்களைக் கழற்ற வேண்டும். இதுவரை காற்றுக்கும் தண்ணீருக்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

அடுத்து வருவதுதான் எல்லோரும் பயப்படுகிற இடம். ரேக்கின் பின்புறம் இரண்டு செங்குத்துக் குழாய்கள் நிற்கும். ஒன்று குளிர்ந்த நீரைக் கொண்டுவரும், மற்றது சூடான நீரை எடுத்துப் போகும். நீலமும் சிவப்புமாக நிறம் குறித்திருப்பார்கள். அவற்றையும் சர்வரையும் சேர்ப்பது குயிக் கனெக்டர். அதன் முகம் தட்டையானது. பிரிகிற கணத்திலேயே இரண்டு பக்கமும் உள்ள ஸ்பிரிங் வால்வுகள் மூடிக்கொள்ளும். பிரித்த முகத்தில் ஈரம் மட்டும் மினுங்கும். ஒரு துணியால் ஒற்றி எடுத்தால் தீர்ந்தது. ரேக்கில் உள்ள மற்ற சர்வர்களுக்கு நீரோட்டம் நிற்பதில்லை. அவை வேலை செய்துகொண்டேதான் இருக்கும். பல வடிவமைப்புகளில் கனெக்டர், சர்வரைத் தாங்கி ரேக்கில் செருகப்படும் ட்ரேயின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். ட்ரேயை இழுத்தால் தானே பிரியும், தள்ளினால் தானே சேரும். ஹோஸைக் கையால் தொடவும் வேண்டாம்.

ட்ரே மேசைக்கு வந்த பிறகுதான் உண்மையான சிரமம் தொடங்குகிறது. அதில் தண்ணீருக்குப் பங்கு இல்லை. ஜிபியுவின் மேல் கோல்டு பிளேட் அமர்ந்திருக்கும். உள்ளே நுண்ணிய கால்வாய்கள் வெட்டப்பட்ட செப்புப் பலகை அது. அதைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் திருகுகளைக் குறுக்கு வரிசையில், ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரு மூலையை மட்டும் முழுதாகத் தளர்த்திவிட்டால் எதிர் மூலையின் பாரம் சில்லின் விளிம்பில் இறங்கும். புதியதைப் பொருத்தும்போது இப்படி நடந்து விளிம்பு பெயர்ந்தால் புது ஜிபியுவும் போச்சு. இடையில் உள்ள தெர்மல் பேஸ்ட் இறுகி ஒட்டியிருந்தால் நெம்பக் கூடாது. பொறுமையாக, நேராக மேலே தூக்க வேண்டும். ஜிபியு மாட்யூலின் அடியில் நூற்றுக்கணக்கான பின்கள் கொண்ட கனெக்டர்கள் இருக்கும். ஆட்டி ஆட்டி எடுத்தால் பின் வளையும். டார்ச் அடித்துப் பலகையின் சாக்கெட்டைப் பார்க்காமல் புதியதை வைக்கவே கூடாது. பழைய பேஸ்டை மிச்சமில்லாமல் துடைத்து, மின்னழுத்தச் சுற்றுகளின் மேல் இருந்த தெர்மல் பேடுகளைப் புதிதாக மாற்றி, குறித்த முறுக்கு அளவில் தானே வழுக்கி நிற்கும் ஸ்க்ரூடிரைவரால் அதே குறுக்கு வரிசையில் இறுக்க வேண்டும்.

மேலே உள்ள பத்தியில் கோல்டு பிளேட் என்ற சொல்லை எடுத்துவிட்டு ஹீட் சிங்க் என்று போட்டுப் படித்துப் பாருங்கள். நுண்ணிய கால்வாய்கள் பற்றிய வரியைத் தவிர எதுவும் பொய்யாகாது. காற்றால் குளிரும் எச்100 சர்வரிலும் அதே மாட்யூல், அதே பின்கள், அதே பேஸ்ட் வேலை, அதே குறுக்கு வரிசைதான். கூடுதலாக அங்கே உயரமான ஹீட் சிங்கும், மின்விசிறிகளின் இரைச்சலும், கனமும் உண்டு. காற்றால் குளிரும் டிஜிஎக்ஸ் எச்100 சர்வர் ஒன்றின் எடை 130 கிலோ. தூக்குவண்டி இல்லாமல் அதை ரேக்கிலிருந்து இறக்கவே முடியாது. தண்ணீரால் குளிரும் நோடு ஒல்லியான ட்ரேயாக வெளியே வருகிறது.

தண்ணீரால் கூடுகிற படிகள் மூன்று. பிரித்தல், கசிவுச் சோதனை, மீண்டும் சேர்த்தல். சில வடிவமைப்புகளில் சர்வருக்குள் தங்கிய நீரை வடிக்கவும் வேண்டியிருக்கும்; அதற்கான கருவியும் முறையும் உற்பத்தியாளரின் கையேட்டிலேயே உண்டு, தங்கியிருக்கும் நீரும் கொஞ்சம்தான். சோதனை என்பது மூடிய சுற்றுக்குள் நைட்ரஜனையோ காற்றையோ அழுத்தி நிரப்பி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. எல்லாம் சேர்த்து இயக்கிய பிறகு, புது ஜிபியுவின் வெப்பநிலையைப் பக்கத்து ஜிபியுக்களோடு ஒப்பிட்டால் பேஸ்ட் சரியாக அமர்ந்ததா என்பது உடனே தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே நீர் ஓடுவதால் இந்த ஒப்பீடு காற்றில் செய்வதைவிட நம்பகமானது. ஊர்தோறும் லாரி ரேடியேட்டரின் ஹோஸைக் கழற்றிக் கூலன்ட் மாற்றும் மெக்கானிக் செய்கிற வேலையைவிட இது சுத்தமானது, பதற்றம் குறைந்தது.

காகிதத்தில் எழுதிய கணக்கு அல்ல இது. ஓக் ரிட்ஜில் 2018 முதல் 2024 வரை ஓடிய சம்மிட் மீக்கணினியில் 256 ரேக்குகள், ரேக்குக்கு 18 நோடுகள், நோடுக்கு 6 வி100 ஜிபியுக்கள் இருந்தன. மொத்தம் 27,648. ஐபிஎம் தயாரித்த அந்த ஏசி922 நோடின் காற்றுப் பதிப்பில் நான்கு ஜிபியுக்களுக்குத்தான் இடம். ஆறு வேண்டுமென்றால் தண்ணீர்ப் பதிப்பு. நிமிடத்துக்கு 4,000 கேலனுக்கு மேல் நீரைச் சுழற்றியபடி அது உலக மீக்கணினிகளில் முதல் இடத்தில் இரண்டு ஆண்டுகள் நின்றது. அதே ஆய்வகத்தில் டைட்டன் இருந்த கூடத்தில் 2022-இல் வந்த ஃப்ரான்டியரில் 37,632 ஜிபியுக்கள். கணக்கு வேலை நடக்கும் அதன் கேபினட்டுகளில் மின்விசிறியே கிடையாது. பிளேடு எனப்படும் சர்வர் அலகில் பழுது என்றால் பிளேடை உருவி, மாற்றுப் பிளேடைச் செருகி, பழுதானதை மேசையில் வைத்து நிதானமாகப் பார்க்கலாம். ஜிபியு மாற்றும் நேரம் வேறு, இயந்திரம் முடங்கும் நேரம் வேறு என்பதை இந்த ஏற்பாடு காட்டுகிறது. கூகுள் 2018-இலேயே தன் செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளான டிபியுக்களைத் தண்ணீருக்கு மாற்றிவிட்டது. ஏழு ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டிபியு தொகுதிகள் ஏறத்தாழ 99.999 விழுக்காடு நேரம் தடையின்றி ஓடியதாக அது 2025-இல் அறிவித்தது. நிறுவனம் தானே சொன்ன கணக்கு என்ற எச்சரிக்கையோடு எடுத்துக்கொண்டாலும், தண்ணீர் தொட்டால் எல்லாம் நாசம் என்ற பேச்சோடு இது எந்த விதத்திலும் பொருந்தாது.

பயம் எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1985-இல் வந்த க்ரே-2 மீக்கணினியின் பலகைகள் முழுவதும் ஃப்ளோரினெர்ட் என்ற திரவத்தில் மூழ்கியிருந்தன. உள்ளே கை வைக்க வேண்டுமானால் திரவத்தைத் தனித் தொட்டிக்கு வெளியேற்ற வேண்டும். இன்றும் மூழ்கல் முறையில் எண்ணெய் சொட்டச் சொட்டச் சர்வரைத் தூக்க வேண்டியிருக்கிறது. அந்த அனுபவத்தை எல்லாத் திரவ முறைகளின்மேலும் ஏற்றிச் சொல்வதால்தான் குழப்பம். கோல்டு பிளேட் முறை வேறு. அதில் நீர் செப்புக்குள் அடைபட்டிருக்கிறது. பலகையில் படுவதே இல்லை. க்ரே-2-க்கும் முன்பே, 1980-இல் ஐபிஎம் அறிவித்த 3081 பெருங்கணினியில் நூற்றுக்கும் மேற்பட்ட சில்லுகளை அடக்கிய மாட்யூல்கள் தண்ணீர்ப் பலகையால் குளிர்ந்தன. வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் ஓடிய இயந்திரம் அது. பழுதானால் மாட்யூலை இருந்த இடத்திலேயே மாற்றும்படிதான் அதை வடிவமைத்திருந்தார்கள்.

எதிர்த்தரப்பில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. கசிவு உண்மையான ஆபத்து. தூய நீர் மின்சாரத்தைக் கடத்தாது என்று சிலர் சொல்லும் சமாதானம் இங்கே செல்லாது. குழாய்களில் ஓடுகிற நீர் நாளடைவில் அயனிகளைச் சேர்த்துக்கொள்ளும்; இன்று பரவலாகப் பயன்படும் 25 விழுக்காடு புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த கூலன்டும் மின்சாரத்தைக் கடத்தக்கூடியதே. செம்போடு அலுமினியத்தை ஒரே சுற்றில் சேர்த்தால் அலுமினியம் அரிக்கும். கிளைக்கால் அளவு குறைந்தால் அதுவே பாக்டீரியாவுக்கு உணவாகும். கோல்டு பிளேட்டின் நுண் கால்வாய்களில் நுண்ணுயிர்ப் படலம் படிந்து நீரோட்டம் அடைபடும். வடிகட்டியைக் கவனிக்காத மையத்தில் இவையெல்லாம் நடக்கும்.

ஆனால் இந்தக் குறைகள் ஒவ்வொன்றும் நீரைப் பராமரிப்பது பற்றியவை. ஜிபியுவை மாற்றுவது பற்றியவை அல்ல. ட்ரேக்கு அடியில் ஓடும் கசிவுணர் கேபிள், தானே மூடும் வால்வு, காலமுறைப்படி கூலன்ட் பரிசோதனை ஆகியவற்றுக்கு எழுதப்பட்ட நெறிகள் உண்டு. தர நெறிகளை வகுக்கும் அமைப்புகளான ஆஷ்ரேயும் ஓபன் கம்ப்யூட் புராஜெக்டும் இவற்றை வெளியிட்டிருக்கின்றன. கனெக்டருக்குக்கூடப் பொதுத் தரம் வகுத்திருக்கிறார்கள். நீரின் தரத்தைப் பார்க்க ஆள் வைக்காத மையம், காற்று வடிகட்டியையும் பார்க்காது. இது நிர்வாகத்தின் குறை, நீரின் குறை அல்ல.

சரி, பழுதுபார்ப்பு எங்கே உண்மையிலேயே முடங்குகிறது? ஜிபி200 பலகையைப் பாருங்கள். ஒரு சிபியுவும் இரண்டு ஜிபியுக்களும் ஒரே பலகையில் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டில் ஒன்று கெட்டால் நல்ல ஜிபியுவையும் நல்ல சிபியுவையும் சேர்த்துப் பலகை முழுவதையும் மாற்ற வேண்டும். ஃப்ரான்டியரின் எம்ஐ250எக்ஸ் ஜிபியுவோ திறந்த தரப்படி அமைந்த தனி மாட்யூல். சம்மிட்டின் வி100-உம் தனி மாட்யூல். மூன்றுமே தண்ணீரால் குளிர்பவை. முன்னதில் ஒன்றைத் தனியாக மாற்ற முடியாது, மற்ற இரண்டிலும் முடியும். குளிரூட்டும் முறை ஒன்றாக இருக்க, விளைவு மட்டும் மாறினால் காரணம் குளிரூட்டல் அல்ல என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? நெருக்கமாகப் பதிப்பதால் வேகம் கூடுகிறது என்பது உண்மை. அப்படியென்றால் வேகத்துக்காகப் பழுதுபார்ப்பை விட்டுக்கொடுக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைத் தண்ணீரின் பேரில் எழுதக் கூடாது.

ஒப்பந்தங்களின் நிலையும் இதேதான். எட்டு ஜிபியுக்கள் உள்ள அடிப்பலகையில் ஒன்று போனாலும் பலகையையே திருப்பி அனுப்பச் சொல்லும் உற்பத்தியாளர்கள் உண்டு. வாடிக்கையாளரின் டெக்னீஷியன் திருகைத் தொட்டால் வாரண்டி ரத்து என்று எழுதுகிறவர்களும் உண்டு. காற்றால் குளிரும் சர்வருக்கும் இதே நிபந்தனைதான். வாரக்கணக்கில் உதிரி பாகத்துக்குக் காத்திருக்கும் மையம், அந்தக் காத்திருப்பைத் தண்ணீரின் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த முறையும் அதே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறது.

இந்தியாவுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2022-இல் நிறுவப்பட்ட 3.3 பெட்டாஃப்ளாப் பரம் பிரவேகா நேரடித் திரவக் குளிரூட்டலில்தான் இயங்குகிறது. செயற்கை நுண்ணறிவுக்காக இனி வரும் பெரிய இயந்திரங்களும் அப்படித்தான் வரும். அவற்றைப் பராமரிக்க ஆள் கிடையாது என்பது வீண் கவலை. ஐடிஐகளில் இரண்டாண்டு ரெஃப்ரிஜிரேஷன், ஏர் கண்டிஷனிங் பயிற்சி முடித்தவர்கள் நைட்ரஜன் அழுத்திக் கசிவு பார்ப்பதைப் பாடமாகவே படித்து வருகிறார்கள். அவர்களுக்கு நிலைமின் பாதுகாப்பும், பின்களைக் கையாளும் முறையும், முறுக்கு வரிசையும் கற்றுக் கொடுத்தால் போதும். சர்வர் தெரிந்தவரும் குழாய் தெரிந்தவரும் ஒரே மேசையில் சேர்ந்து வேலை செய்யும் வழக்கம் வர வேண்டும்.

ஆகவே கொள்முதல் குழுவில் உட்காருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். “தண்ணீர் வேண்டாம்” என்று டெண்டரில் எழுதாதீர்கள். அதற்குப் பதிலாக இவற்றை எழுதுங்கள்: ஜிபியு தனி மாட்யூலாக மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், முடியாதென்றால் மாற்றுப் பலகையின் விலையை இப்போதே சொல்ல வேண்டும். கனெக்டர்கள் திறந்த தரப்படி இருக்க வேண்டும். மாற்று ட்ரேக்கள் மையத்திலேயே இருப்பில் இருக்க வேண்டும். பழுதுபார்க்கும் கையேடும், முறுக்கு அளவும், கசிவுச் சோதனைக் கருவியும் இயந்திரத்தோடு வர வேண்டும். மையத்தின் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சி தந்து, அவர்கள் கை வைத்தாலும் வாரண்டி செல்லும் என்று எழுத்தில் தர வேண்டும். ஏற்புச் சோதனையின்போது உற்பத்தியாளரின் ஆள் ஒரு ஜிபியுவை உங்கள் கண்முன்னே கழற்றி மாட்டிக் காட்டட்டும். அதைச் செய்து காட்ட மறுக்கிற இயந்திரத்தை, அது காற்றில் குளிர்ந்தாலும் தண்ணீரில் குளிர்ந்தாலும், வாங்காதீர்கள்.